ரோட்டை விட்டு இறங்காத வண்டி

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை என் கணவர் வாங்கியது எனக்காகத்தான். நானாகச் சொல்லவில்லை, அவரே சொன்னார். வீட்டில் சொன்னார், என் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னார், ஷோரூமில் எங்களுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டிய பெண்ணிடமும் சொன்னார். "என் வைஃப் மாட்டு டாக்டர். மேட்டுப் பண்ணைக்கெல்லாம் போகணும். அவளுக்காகத்தான் பாக்குறேன்" என்றதும் அந்தப் பெண் என்னை ஒரு பொறாமைப் பார்வை பார்த்தாள். நானும் கொஞ்ச நேரம் என் அதிர்ஷ்டத்தை நினைத்து மயங்கித்தான் நின்றேன்.

மேட்டுப் பண்ணை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கால்நடை மருத்துவமனையைத் தாண்டி தார் ரோடு வளைந்து வளைந்து ஏறும். ஓர் ஓடை குறுக்கே வரும் இடத்தில், இதற்கு மேல் என்னால் ஆகாது என்று ரோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மண் பாதைதான். அந்தப் பாதை நெடுக மாடும் ஆடும் வளர்க்கிற பண்ணைகள். இத்தனை வருஷமாக அந்தச் சுற்றைப் பார்த்து வந்தவர் எங்கள் பெரிய டாக்டர். அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நானோ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே மடி நாய்களுக்கு நகம் வெட்டிக்கொண்டும், பூனைகளிடம் கடி வாங்கிக்கொண்டும் இருந்தேன். மாடு பிடிக்கும் என்று மாட்டு வைத்தியம் படித்தவளுக்கு இது என்ன பிழைப்பு?

பெரிய டாக்டர் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"மேட்டுச் சுத்து உங்களுக்குத்தான்மா. ஆனா அந்தப் பாதையில ஏறுற வண்டி இருக்கணும். மழை முடியற வரைக்கும் பார்ப்பேன். கூப்பிட்ட நேரத்துக்குப் போக முடியலைன்னா சின்னவருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

சின்னவர் என்றால் எங்கள் ஜூனியர் டாக்டர். அவரிடம் எந்தச் சேற்றிலும் பாய்கிற ஒரு மோட்டார் பைக்கும், எந்த வேலையிலும் பாய்கிற ஒரு மனசும் இருந்தன.

"வண்டி வாங்கியாச்சு சார்" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வண்டி வந்த அன்றே வண்டிக்கான சட்டங்களும் வந்தன. செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டு அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே எதையும் தின்னக் கூடாது. கதவைச் சாத்தும்போது, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோலச் சாத்த வேண்டும். என் மருந்துப் பெட்டியை சீட்டில் வைக்கக் கூடாது, டிக்கியில் வைக்கக் கூடாது, தரையிலும் வைக்கக் கூடாது. "பின்ன எங்கங்க வைக்கிறது?" என்று கேட்டேன். "அதை உன் பழைய வண்டியில வச்சுக்கோயேன், அதான் இருக்கே" என்றார்.

கியருக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். அதைச் சுற்றி சாலை, பனி, மணல், சேறு என்று படம் போட்டிருந்தது. எங்கள் மகள் அதைத் திருப்பப் போனாள்.

"தொடாதே!"

"ஏம்பா?"

"அது அவசரத்துக்கு."

"என்ன அவசரம்?"

"வரும்போது தெரியும்."

என் கணவர் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கிற அதிகாரி. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே அகலமான தார் ரோடு. அதில் ஒரே ஒரு வேகத்தடை. அதுதான் அந்த வண்டி ஏறி இறங்கிய மலை. சனிக்கிழமை பெரிய கடைக்குப் போகும்போது பார்க்கிங்கின் சரிவில் ஏறுவார். ஏறும்போது கொஞ்சம் முன்னால் குனிந்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, "பாரு, எப்படி இழுக்குது பாரு" என்பார். பக்கத்தில் ஒரு கிழட்டு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போகும்.

நானோ பழைய சின்ன வண்டியில் தார் ரோடு முடிகிற இடம் வரைக்கும் போய், ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாய் பெற்ற தெங்கம்பழம் என்று பழமொழி சொல்வார்கள். நாயால் தேங்காயை உடைக்கவும் முடியாது, அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கவும் மனசு வராது. அதற்காவது உருட்டி விளையாடத் தெரியும். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை, உறை போட்டு மூடி வைத்தோம்.

வண்டியோடு ஒரு சங்கமும் வீட்டுக்குள் நுழைந்தது. இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற வாட்ஸப் குழு. பெயர் 'சிகரம் தொடுவோர்'. தலைவர் ஒரு பல் டாக்டர், எல்லோரும் அவரைத் தளபதி என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த ஒரு அரைக்கோட்டு போட்டிருப்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் சிகரம் தொடுவோர் ஒரு ஹோட்டலின் பார்க்கிங்கில் வரிசையாக வண்டிகளை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, காஃபி குடித்தபடி உள்ளே பார்ப்பார்கள். எந்த டயர் பாறையைப் பிடிக்கும், எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கலாம், கவிழ்ந்தால் எந்தப் பக்கம் கவிழ வேண்டும் என்றெல்லாம் விவாதம் நடக்கும். ஏட்டுச் சுரைக்காயை இவ்வளவு பேர் கூடி ருசித்து நான் பார்த்ததில்லை.

மாதாமாதம் குழுவில் ஒரு போட்டோ போட்டி. வண்டி எவ்வளவு சேறாக இருக்கிறதோ அவ்வளவு மார்க். சேற்றில் இறங்காமல் வண்டி எப்படிச் சேறாகும் என்பது என் கணவரைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி. அதற்கும் விடை கிடைத்தது. ஒரு சாயங்காலம் மேட்டிலிருந்து திரும்பி, கொல்லைக் குழாயடியில் பூட்ஸைக் கழுவப் போனேன். உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"ஏய், ஏய், கழுவாதே!"

"ஏங்க, என்னாச்சு?"

"அந்த மண்ணு. நல்ல செக்கச்செவேல்னு இருக்கே! இது நம்ம பக்கத்து மண்ணே இல்ல. மேட்டு மண்ணா?"

"ஆமா."

"குடு."

என் பூட்ஸிலிருந்த சேற்றை ஸ்பூனால் சுரண்டி, ஒரு பழைய கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கரைத்தார். பிறகு பழைய டூத் பிரஷை அதில் தோய்த்து, விரலால் வருடி, வண்டியின்மேல் தெறிக்கவிட்டார். "பூசின மாதிரி இருக்கக் கூடாது, தெறிச்ச மாதிரி இருக்கணும்" என்று எனக்குப் பாடம் வேறு. அலுவலகத்தில் இவ்வளவு கண்ணும் கருத்துமாக வேலை பார்த்திருந்தால் இந்நேரம் டைரக்டர் ஆகியிருப்பார். எங்கள் மகள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, வைப்பர் போற இடத்துல சேறு இருக்காது, அங்க தொடச்சிடுங்க" என்றாள். அவர் அவளை அணைத்து உச்சி முகர்ந்தார்.

கொடி படர்ந்த மதில் சுவர் பின்னால் தெரிய போட்டோ எடுத்து, 'மேட்டுப் பாதையில் ஒரு காலைப்பொழுது' என்று தலைப்புப் போட்டு அனுப்பினார். முதல் பரிசு. தளபதியே குரல் பதிவு அனுப்பினார்: "பிரதர், மண்ணைப் பார்த்தாலே தெரியுது நீங்க எங்க போயிருக்கீங்கன்னு." அந்த மண்ணில் பாதி சாணம் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் வண்டிக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியாகிவிட்டது.

அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு வேண்டும், குடி கூத்து என்று போகாமல் ஒரு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தால் நமக்கென்ன நஷ்டம் என்று இருந்துவிட்டேன். நஷ்டம் என்னவென்று மழைக்காலத்தில் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மேட்டின் கடைசிப் பண்ணையைத் தனியாளாக நடத்துகிற அம்மாள். நாலு மாடுகளை வைத்துப் பிழைக்கிறவள், வேலை தெரிந்தவள், வீணாகப் பதறாதவள். அன்று அவள் குரல் நடுங்கியது.

"டாக்டரம்மா, கிடாரி கன்னு போடுது. தலைச்சன் ஈத்து. முன்னங்கால் ரெண்டும் வெளிய வந்துருச்சு, தலையைக் காணோம். கால் இன்னும் அசையுது. சீக்கிரம் வாங்கம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. கன்றின் தலை உள்ளே பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. கையை விட்டுக் கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி நேராக்கிவிட்டால் வந்துவிடும். ஆனால் உடனே செய்ய வேண்டும். ஓடையிலிருந்து அந்தப் பண்ணைக்கு நடந்து ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வண்டியில் போனால் ரெண்டு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம்.

"புது வண்டி வேணுங்க, இப்பவே" என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. "சரி, கெளம்பு. நானே ஓட்டுறேன், உனக்கு அந்த வண்டி பழக்கமில்ல" என்றார். ஹோட்டல் பார்க்கிங்குக்குப் போட்டுப் போகிற பச்சைச் சட்டையை மாட்டினார். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பிரியமே வந்தது.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார்.

"என்னங்க நிறுத்திட்டீங்க?"

"ஓடை."

"தெரியுது. போங்க."

"ஆழம் தெரியலையே. ஆழம் தெரியாம காலை விடக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"கணுக்கால் அளவுதாங்க. மழை பேஞ்சதால ஒரு சாண் கூட இருக்கும். வாரா வாரம் நான் நடந்து போறேன்."

"நீ நடக்கறது வேற, வண்டி போறது வேற. அடியில எலக்ட்ரானிக்ஸ் இருக்கு."

"அந்தக் குமிழைத் திருப்புங்க. சேறுன்னு போட்டிருக்கே!"

"அதெல்லாம் எடுத்தோம் கவுத்தோம்னு திருப்பக் கூடாது. இரு, குரூப்ல கேட்டுடறேன்."

கேட்டார். ஓடையைப் போட்டோ எடுத்துப் போட்டுக் கேட்டார். காஃபி நேரம், எல்லாச் சிகரங்களும் கூடியிருந்தன. பதில்கள் மழையாகக் கொட்டின. அடி தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னார். அது மணலுக்கு, தண்ணீருக்கு இல்லை என்று வேறொருவர் அவரோடு சண்டைக்குப் போனார். தளபதியின் குரல் பதிவு வந்தது: "பிரதர், ஒத்தையா இறங்கவே இறங்காதீங்க. ரெண்டு வண்டியாவது சேர்ந்துதான் போகணும். நாங்க வேணா கெளம்பி வர்றோம், டிஃபன் முடிச்சிட்டு."

"சாவியைக் குடுங்க. நான் ஓட்டுறேன்" என்றேன்.

"பதட்டத்துல இருக்கறவங்க ஓட்டக் கூடாது" என்று சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து எதிரே மேட்டிலிருந்து ஒரு பால்காரர் மொபட்டில் வந்தார். இரண்டு பக்கமும் பால் கேன்கள். காலை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கி, தண்ணீரை வாரி இறைத்து இந்தப் பக்கம் ஏறினார். எங்களைப் பார்த்து வண்டியை மெதுவாக்கி, "என்ன சார், வண்டி நின்னுபோச்சா? தள்ளி விடணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

என் கணவர் கதவில் தெறித்த தண்ணீரைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். தண்ணீர் என் பூட்ஸில் பாதிகூட இல்லை.

நான் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது கன்றின் கால்கள் அசையவில்லை. கையை விட்டுத் தலையைத் திருப்பி, கயிறு போட்டு, அந்த அம்மாளும் நானுமாக இழுத்தோம். நல்ல வளர்ந்த கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வைக்கோலால் தேய்த்தேன், மூக்கைத் துடைத்து ஊதினேன், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினேன். கொஞ்சம் முன்னால்தான் உயிர் போயிருக்கிறது, உடம்பு சூடாகவே இருந்தது. கிடாரியைக் காப்பாற்றிவிட்டேன். அது திரும்பி அந்தக் கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியை வாங்கி வைத்தாள், சோப்பை நீட்டினாள். "பாவம், இந்த மழையில நடந்தா வந்தீங்க? ஒரு வண்டி வாகனம் இருந்திருந்தா நீங்களும்தான் என்ன செய்யாம இருந்திருப்பீங்க" என்றாள். நான் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

இறங்கி வந்தபோது வண்டி அதே இடத்தில், அதே பளபளப்பில் நின்றது.

"கன்னுக்குட்டி?"

"செத்துப்போச்சு."

"அடடா" என்றார். நிஜமாகவே முகம் வாடிவிட்டது. பிறகு என் காலைப் பார்த்தார். "ஓடையில காலைக் கழுவிட்டு ஏறிடுறியா? தண்ணிதான் நெறைய போகுதே."

அன்று சாயங்காலம் குழுவில் அவருக்கு மரியாதை கூடியிருந்தது. ஓடைக்கு முன்னால் வண்டி நிற்கிற படத்துக்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். 'வேகம் யாருக்கும் வரும், விவேகம் சிலருக்குத்தான்' என்று தளபதி எழுதியிருந்தார். சிகரத்தைத் தொடாமலேயே திரும்பி வந்தவருக்குச் சிகரத்தின் மாலை.

மறுநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார்.

"வண்டி இருக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"இருக்கு சார்."

"எங்க இருக்கு?"

"வீட்டுல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வியாழக்கிழமை மேட்டுல தடுப்பூசி முகாம். காலையில மொத ஆளா நீங்க அங்க இருக்கணும், ஐஸ் பெட்டியோட. இல்லைன்னா சின்னவரை அனுப்பிடறேன். அப்புறம் அவர்தான்."

வியாழக்கிழமை வண்டி வேண்டும் என்று வீட்டில் கேட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் ஆண்டு விழா, எல்லா வண்டியையும் வரிசையில் நிறுத்தி அழகான வண்டிக்குக் கோப்பை, அதனால் முடியவே முடியாது என்றார். "வேணும்னா வெள்ளிக்கிழமை பேசலாம்" என்றார். பேசலாம் என்றுதான் சொன்னார், தரலாம் என்றல்ல.

வியாழக்கிழமை காலை அவர் குளியலறையில் இருந்தார். சாவியை எடுத்தேன். திருடிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை, அதனால் கதவைத் தட்டினேன்.

"நான் வண்டியை எடுத்துட்டுப் போறேன்."

தண்ணீர் சத்தம் நின்றது. "எந்த வண்டியை?"

"எனக்காக வாங்கினீங்களே, அதை."

"இரு! இரு! தலையில ஷாம்பு இருக்கு!"

இருக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன். ரப்பர் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்தேன். தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், துண்டைக் கட்டிக்கொண்டு நுரைத் தலையோடு வாசலில் நின்றார். எதிர் வீட்டுத் தையல்காரம்மா தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

ஓடையருகே குமிழைச் சேற்றுக்குத் திருப்பினேன். ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் அக்கரையில் இருந்தேன். வண்டி முனகக்கூட இல்லை. நிறுத்தி, இறங்கி, திரும்பிப் பார்த்தேன். இந்தத் தண்ணீருக்காகவா? அங்கேயே நின்று, வாயில் வந்ததையெல்லாம் சத்தமாகச் சொல்லித் திட்டினேன். கேட்பதற்கு ஒரு தவளை மட்டும் இருந்தது.

முகாம் பாதி வழியிலிருந்த பொதுக் கொட்டகையில். கடைசிப் பண்ணை அம்மாள் மட்டும் மாடுகளை அழைத்து வரவில்லை, கிடாரி இன்னும் தெம்பாகவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மற்றபடி மேட்டில் இருந்த மாடு அத்தனையும் வந்தன. ஊசிக்கு மிரண்ட ஒரு காளை கொம்பால் முன்கதவில் நீளமாக ஒரு கோடு போட்டது. கால் ஒடிந்த ஒரு செம்மறியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பின் சீட்டில்தான் படுக்க வைத்தேன். வழியெல்லாம் அது புழுக்கை போட்டது, ஓர் இடத்தில் புழுக்கையைவிட மோசமானதையும் போட்டது, சீட் பெல்ட்டின் நுனியையும் மென்றது. எங்கள் வீட்டுச் சட்டப்படி உள்ளே தின்னக் கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் வாசலுக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதுதான் அந்த வண்டியா? சரியான வண்டிதான்மா" என்றார். ஆட்டை இறக்கும்போது அவரும் ஒரு பக்கம் பிடித்தார். "மழை முடியறவரைக்கும் பார்க்கத் தேவையில்ல. சுத்து உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சின்னவர் வந்து கைகொடுத்தார். பாவம், அழுத்தமாகவே கொடுத்தார்.

வீட்டு வாசலில் தகப்பனும் மகளும் நின்றார்கள். அவர் வண்டியை ஒரு சுற்று வந்தார். "அப்பா, இது நிஜ சேறு" என்றாள் மகள், வித்தியாசம் தெரிந்தவளாக. பின் கதவைத் திறந்தார், உடனே சாத்தினார். இந்த முறை படாரென்று சாத்தினார். காளை போட்ட கோட்டை விரலால் கடைசி வரை தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எச்சில் பண்ணிட்டியேடி."

"நான் வண்டி ஓட்டினேன்" என்றேன்.

ஆண்டு விழாவுக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. மறுநாள் குழுவில் வண்டி விற்பனைக்கு என்று போட்டார். சிகரம் தொடுவோரில் பலர் இதே வண்டிக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர்கள், முதலில் நாலைந்து பேர் ஆசையாகப் போன் செய்தார்கள். நல்லவராகையால் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். தளபதியோடு அவர் பேசியது எனக்கும் கேட்டது, ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"கீழ இறங்கிச்சா பிரதர்?"

"ஒரே ஒரு தடவைதான் தளபதி."

"தண்ணியில?"

"லேசா."

"சேறு?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவைன்னாலும் இறங்கினது இறங்கினதுதானே? அப்படிப்பட்ட வண்டியை நம்ம ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க."

அப்படியே ஆயிற்று. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரில், ரோட்டை விட்டு இறங்கிய வண்டியை வாங்க ஒருவர்கூட இல்லை. கடைசியில் சாவியைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீயே வச்சுக்கோ. ஏறினாலே ஆட்டு வாடை அடிக்குது" என்றார். பழைய சின்ன வண்டியை அவர் எடுத்துக்கொண்டார். இப்போது அதற்கு உறை தைத்தாகிவிட்டது, பழைய சின்ன வண்டிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு குழு இருப்பதும் தெரிந்துவிட்டது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது அவர் விஷயத்தில் அப்படியே உண்மை. "அவளுக்காகத்தான் வாங்கினேன், இப்ப அவதான் ஓட்டுறா" என்று ஊரெல்லாம் சொல்கிறார். "மாப்பிள்ளை தங்கமான மனுஷன்" என்று அண்ணன் எனக்குப் போனில் சொன்னார். நான் மறுக்கவில்லை. எனக்கு வண்டி கிடைத்துவிட்டது, சுற்றும் கிடைத்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் கடைசிப் பண்ணைக்குக் கிடாரியைப் பார்க்கப் போனேன். வண்டி கொட்டகை வாசல் வரைக்கும் ஏறிப் போய் நின்றது. ஹாரன் அடித்தேன். அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தாள். வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். தன் பெண் கார் வாங்கி வந்ததுபோல ஒரு சிரிப்பு.

"அட, டாக்டரம்மா! உங்க வண்டியா? இவ்ளோ மேல வருதே!" பானெட்டில் கை வைத்துத் தட்டிக் கொடுத்தாள். "இனிமே நீங்க நடந்து கஷ்டப்பட வேணாம். நல்லா இருங்கம்மா. எப்ப வாங்கினீங்க?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"மழைக்கு முன்னாடி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வண்டியின் சக்கரங்களைப் பார்த்தாள், கீழே ஓடைப் பக்கம் பார்த்தாள். பானெட்டின் மேலிருந்த கையை எடுத்து மறுபடியும் முந்தானையில் துடைத்தாள்.

"மாடு உள்ளதான் நிக்குது, பாருங்க" என்று சொல்லிவிட்டு, எனக்காக நிற்காமல் முன்னால் நடந்தாள்.